இடது பின் சக்கரம்

— டார்ச்சை சக்கரத்துல காட்டுங்கன்னா என் மூஞ்சியில அடிக்கறீங்க. நான் என்ன, தொண்டை வலின்னு வாயைத் திறந்துக்கிட்டா படுத்திருக்கேன்?

— பொறு, பொறு. கை மாத்தினேன். எனக்குத் தோள்வலி இருக்கு.

— தோள்வலின்னா ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்து பிடிங்க, கம்பவுண்டர் சார்.

— பார்மசிஸ்ட். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சொல்றேன். சொந்தமா மருந்துக்கடை வெச்சிருக்கறவனை யாரும் கம்பவுண்டர்னு கூப்பிடறதில்லை.

— சரிங்க பார்மசிஸ்ட். கழட்டிக் குடுத்த நட்டுல ஒண்ணு குறையுதே, எங்க?

— எதுவும் குறையலை. துடைச்சு, பேப்பர் விரிச்சு, வரிசையா வெச்சிருக்கேன். தரையில வெச்சா கறை பிடிக்கும்.

— நல்லா இருக்கு. மத்தியானத்துக்குள்ள பொண்ணு ரிஜிஸ்தர் ஆபீஸ்ல மாப்பிள்ளை பக்கத்துல உக்காந்து கையெழுத்துப் போடணும். இங்க அப்பா நட்டுக்கு முகம் கழுவி விட்டுக்கிட்டிருக்கார்.

— இந்த வண்டியிலதான் போகணும்னு நானா சொன்னேன்? வாடகைக்கு நல்ல ஏசி கார் ஏற்பாடு பண்ணியிருந்தேன். உன் பொண்ணுதான் முடியாதுன்னு ஒத்தைக்கால்ல நின்னா.

— பரீட்சையில முதலா வந்தா உங்க பொண்ணு. அடம்பிடிச்சா என் பொண்ணு.

— அடம் உன் பக்கத்துச் சொத்துதானே.

— அந்தச் சுத்தியலைக் குடுங்க.

— எதுக்கு?

— பயப்படாதீங்க, பிரேக் டிரம்முக்குத்தான். சக்கரம் வந்துடுச்சு, டிரம் அசைய மாட்டேங்குது.

— மெதுவா, மெதுவா. என்ன அடி அடிக்கற. அது உன் லிஃப்ட் இல்லை, நம்ம ரெண்டு பேரையும் விட வயசுல மூத்த வண்டி.

— லிஃப்ட்டா இருந்தா இந்நேரம் வேலையை முடிச்சுட்டு மொட்டைமாடியில காத்து வாங்கிக்கிட்டு இருப்பேன். நான் லிஃப்ட் கம்பெனிக்காரி. மேலயும் கீழயும் போறதைப் பழுது பார்க்கறவ. முன்னாலயும் பின்னாலயும் போற இந்த ஜந்துவை ஏன் என் தலையில கட்டினீங்க? எஞ்சினைப் பார்த்த மெக்கானிக் பின் சக்கரத்தைப் பார்க்க மாட்டாராமா?

— அவர் பார்க்கறேன்னுதான் சொன்னார். எஞ்சின், முன் பிரேக், எல்லாம் போன வாரமே முடிச்சுட்டார். பாப்பாதான் பின்னாடி கை வைக்க விடலை. "இதை அம்மாதான் கழட்டணும், நீங்க பக்கத்துலயே நின்னு டார்ச் பிடிக்கணும்"னு எனக்கு ஆர்டர்.

— எனக்கும் அதே ஆர்டர்தான். காலையில நான் வந்து இறங்கினதும் கையில ஒரு பொட்டலத்தைத் திணிச்சா. பிரிச்சா உள்ள ஒரு ஆயில் சீல், ஒரு பக்கத்துக்கு மட்டும் புது பிரேக் ஷூ. ஒரு பக்கத்துக்கு மட்டும். யாராவது கடைக்குப் போய் ஒத்தைச் செருப்பு வாங்குவாங்களா?

— அவளுக்கு வண்டி விவரம் என்ன தெரியும். கடைக்காரன் ஏமாத்தியிருப்பான்.

— ஏமாறது உங்க பக்கத்துச் சொத்து.

— பொறு, ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன். சக்கரத்தை நீ தாராளமா கழட்டு, மாட்டு, முத்தம் குடு. ஆனா இன்னிக்கு வண்டியை ஓட்டறது நான்.

— பாப்பா என்னைத்தான் ஓட்டச் சொல்லியிருக்கா. "நீ ஓட்டு, நான் பக்கத்துல உக்காருவேன், அப்பா பின்னாடி"ன்னு இடம் வரைக்கும் ஒதுக்கியாச்சு.

— இந்த வண்டியை உன் கையில ஒரு தடவை குடுத்துப் பார்த்தாச்சு.

— ஆரம்பிச்சுட்டீங்களா.

— பாலத்துக் கைப்பிடிச் சுவர் இன்னும் அதே இடத்துலதான் இருக்கு. நீ போட்ட தழும்போட.

— மழை. இறக்கம். பிரேக்கை மிதிச்சேன். வண்டி வலது பக்கமா இழுத்துக்கிட்டுப் போச்சு. நான் ஸ்டீயரிங்கைத் திருப்பவே இல்லை.

— வண்டி எங்கயும் இழுக்கலை. நீ ஒடிச்சே.

— பதினெட்டு வருஷமா அதே நாலு வார்த்தை. அலுக்கவே இல்லையா உங்களுக்கு?

— குழந்தைக்குக் கை முறிஞ்சுது. முழங்கை இன்னும் முழுசா நீட்ட வராது அவளுக்கு. எப்படி அலுக்கும்?

— எனக்கு மட்டும் அது கை இல்லையா? நான் என்ன, அடுத்த வீட்டுக் குழந்தையையா பின் சீட்டுல வெச்சு ஓட்டினேன்?

— நான் அப்படிச் சொல்லலை.

— அதைவிட நல்லாவே சொன்னீங்க. ஆஸ்பத்திரி வராந்தாவுல, உங்க அண்ணன் அண்ணி எல்லாம் சுத்தி நிக்கும்போது. "உன் கையில வண்டியைக் குடுத்தது என் தப்பு"ன்னு. என் தப்புன்னு நீங்க வாழ்க்கையில சொன்னது அந்த ஒரே தடவைதான். அதுலயும் குத்தம் எனக்குத்தான்.

— அதுக்காக வீட்டை விட்டே போகணுமா?

— புல்லரை எடுங்க. அந்த மூணு கால் இருக்கே, சிலந்தி மாதிரி. அதுதான். சுத்தியலுக்கு இது மசியாது, பிடிச்சு இழுத்தாத்தான் வரும்.

— கேட்டதுக்குப் பதில் சொல்லு.

— உங்களுக்குப் பதில் சொல்லத்தான் காலையில அஞ்சு மணிக்கு எழுந்து டூல்ஸ் பையைத் தூக்கிக்கிட்டு வந்தேனா? பின்னாடி தள்ளி நில்லுங்க. வருது.

— வந்துடுச்சா?

— வந்துடுச்சு. டார்ச். உள்ள காட்டுங்க. உள்ளங்க, என் கையில இல்லை.

— காட்டறேன். என்ன?

— இது பிரேக் டிரம்மா, உங்க கடைக் களிம்பு டப்பாவா?

— கிரீஸ்தானே. பேரிங்குக்குக் கிரீஸ் போடாம வேற என்ன போடுவாங்க?

— பேரிங் அதோ, அச்சு மேல உக்காந்திருக்கு. இது பிரேக். பேரிங் வழுக்கணும், பிரேக் வழுக்கக்கூடாது. அதுக்குத்தான் ரெண்டுக்கும் நடுவுல ஒரு சீல் வெச்சிருக்கான். உங்க கிரீஸ் அதையும் பிதுக்கிக்கிட்டு வந்து இங்க குடும்பம் நடத்துது. எவ்வளவு அடிச்சீங்க?

— டோஸ் பிரகாரம்தான். ஞாயித்துக்கிழமை காலையில, கிரீஸ் கன்னுல ஒரு பக்கத்துக்குப் பத்து அமுக்கு.

— வாராவாரமா?

— ஒரு வாரம் தவறினதில்லை. போன மாசம் தோள் தூக்க முடியலை, அன்னிக்கு மட்டும் பாப்பா அடிச்சா. பாவம், கீழ படுத்தவ ரொம்ப நேரம் எழுந்திரிக்கவே இல்லை. எழுந்தப்ப முகமே வெளிறிப்போச்சு. கிரீஸ் வாடை ஒத்துக்கலைன்னா.

— ஓடாத வண்டிக்கு வாராவாரம் பத்து அமுக்கு.

— ஓடலைன்னா உள்ள காஞ்சு போகலாமா? மாசத்துக்கு ஒரு தடவை எஞ்சினைப் போட்டு, ஷெட்டுக்குள்ளயே அரை அடி முன்னால, அரை அடி பின்னால நகத்துவேன். முறைப்படி வெச்சிருக்கேன் நான்.

— கண்ணுக்குச் சொட்டு மருந்து குடுக்கறீங்க. ரெண்டு சொட்டுன்னு சொல்லித்தானே அனுப்பறீங்க? பாட்டிலைத் தலைகீழாக் கவுத்துக்கச் சொல்வீங்களா?

— அது கண்ணு.

— இது பேரிங். நல்லா ஓடற வண்டிக்கே வருஷத்துல ஒண்ணு ரெண்டு தடவை, ரெண்டு மூணு அமுக்கு. உருண்டைங்களுக்கு நடுவுல மூச்சு விட இடம் இருக்கணும். நீங்க அதைத் தொண்டை வரைக்கும் அடைச்சு வெச்சிருக்கீங்க.

— பொறு. அப்ப வலது பக்கம்? அதுக்கும் அதே பத்துதானே?

— அதையும் அப்புறம் பார்க்கலாம். முதல்ல இதைப் பாருங்க. டிரம்மை அழுத்திப் பிடிக்கற இந்த ஷூவைத் தொட்டுப் பாருங்க. தொடுங்க, கை கழுவிக்கலாம்.

— வழவழன்னு இருக்கு.

— இந்தப் பக்கம் வழவழன்னு இருந்து, அந்தப் பக்கம் காஞ்சு இருந்து, நான் பிரேக்கை மிதிச்சா என்ன ஆகும்?

— என்ன ஆகும். ரெண்டும் பிடிக்கும்.

— கம்பவுண்டர் சார்.

— வலது பிடிக்கும்.

— இடது?

— வழுக்கும்.

— அப்ப வண்டி எந்தப் பக்கம் இழுக்கும்?

— வலது.

— கேக்கலை.

— வலது பக்கம் இழுக்கும். போதுமா? ஆனா இது இன்னிக்கு இருக்கற கிரீஸ். பதினெட்டு வருஷத்துச் சேர்மானம். அன்னிக்கே இப்படி இருந்துதுன்னு என்ன நிச்சயம்?

— அதானே. ஒத்துக்கிட்டா உலகம் இருண்டு போயிடுமே.

— நியாயமாக் கேக்கறேன். அன்னிக்கு முன்பக்கம் நசுங்கினதைச் சரி பண்ணவன் பின்னாடி ஒண்ணும் சொல்லலையே.

— முன் பல்லைக் கட்டச் சொன்னா பின் பல்லையா பிடுங்கிப் பார்ப்பாங்க? நீங்களும் திறக்கச் சொல்லலை, அவனும் திறக்கலை. "பொம்பளை ஓட்டினா இப்படித்தான்"னு ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்.

— அவன் சிரிச்சான்.

— நீங்க?

— ரெண்டு பேரும் கத்தறது தெருக்கோடி வரைக்கும் கேக்குது. இன்னிக்கு ஒரு நாளாவது காதைக் காப்பாத்தக்கூடாதா?

— வா பாப்பா. உங்கப்பா வண்டிக்குப் பண்ணின வைத்தியத்தைப் பாரு.

— அய்யே. கிட்ட வரமாட்டேன்மா, டிரஸ் மாத்திட்டேன். இடதைத்தானே கழட்டியிருக்கே?

— இடதுதான். நீ வாங்கின ஒத்தைச் செருப்பு எதுக்குப் பொருந்தும்னு பார்க்கணுமே.

— டிரம்மை மட்டும்தான் பார்த்தியா?

— பின்ன? அதுவே பெரிய புதையல்.

— மேலயே பார்த்துக்கிட்டிருக்காதம்மா. கீழயும் படுத்துப் பாரு. அப்பா, நீங்களும்தான்.

— என்ன பாப்பா, ராத்திரி தூங்கினியா இல்லையா?

— தூங்கினேன்ப்பா. நான் போய்த் தலை வாரணும். சீக்கிரம் பாருங்க.

— பாவம், பதட்டம். உன்னை மாதிரியே, பதட்டம் வந்தா உத்தரவு போடறா.

— அவ சொன்னதும் சரிதான். கீழ பார்க்க வேண்டியதுதான். அந்தப் பக்கம் ஒழுகுதா? வலது?

— அதைத்தான் அப்பவே சொல்ல வந்தேன். வலது பக்கத்துக்குச் சீக்கு. ஒழுகிக்கிட்டே இருக்கும். அங்க ஓடு போடலை, கீழ ஜல்லிங்கறதால நான் கண்டுக்கறதில்லை. இடது நல்ல பிள்ளை. ஒரு சொட்டு கீழ விடாது, அடிக்க அடிக்க வாங்கிக்கும். இந்தத் தரையைப் பாரு, வெள்ளை ஓடு, ஒரு புள்ளி உண்டா?

— நல்ல பிள்ளை.

— ஏன், அதுலயும் தப்பா?

— உங்ககிட்ட ஒருத்தர் வந்து, "நல்லாத் தண்ணி குடிக்கறேன், ஆனா ஒண்ணுக்கே வர்றதில்லை, ரொம்ப சுத்தமா இருக்கேன்"னு சொன்னா என்ன பண்ணுவீங்க?

— உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன்.

— நீங்க பதினெட்டு வருஷமா அவருக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருக்கீங்க. அச்சுக்கூட்டுக்கு அடியில ஒரு சின்ன ஓட்டை வெச்சிருப்பான். பேரிங்குக்கு மிஞ்சின கிரீஸ் அது வழியா வெளிய வந்துடும், பிரேக் பக்கம் போகாது. மூச்சு ஓட்டைன்னு வெச்சுக்கங்க. வலது ஒழுகுதுன்னா அது ஆரோக்கியமா இருக்கு. சீக்கு இதுக்குத்தான்.

— ஆனா இதுவும் ஒழுகிக்கிட்டுத்தான் இருந்துது.

— எப்ப?

— இந்த ஓடு போட்ட புதுசுல. தினம் ஒரு கருப்பு வட்டம். அப்புறம் தானா நின்னுடுச்சு.

— தானா எப்படி நிக்கும்? எப்ப நின்னுது?

— அந்தக் கோடையில ஓடு போட்டோம். ஒரு மாசமோ ரெண்டு மாசமோ ஒழுகுச்சு. அப்புறம் இல்லை. அப்புறம் மழைக்காலம்.

— அந்த மழைக்காலமா?

— பொறு, யோசிக்கறேன்.

— யோசிக்காதீங்க. சொல்லுங்க.

— அந்த மழைக்காலம்தான். நீ பாலத்துல...

— ஒழுகறது நின்னதுக்கு அப்புறம்தான் நான் பாலத்துல இடிச்சேன். அதுக்கு நடுவுல எத்தனை ஞாயித்துக்கிழமை, எத்தனை பத்து அமுக்கு? நிச்சயம் கேட்டீங்களே, இதோ. டார்ச்சைக் கீழ காட்டுங்க. நான் படுக்கறேன்.

— பாத்து, தலை இடிக்கும். பேப்பர் போட்டுக்கோ.

— தெரியுது. ஓட்டை இருக்கு. வழி இல்லை. என்னமோ திணிச்சிருக்கு.

— திணிச்சிருக்கா? தூசியா இருக்கும்.

— தூசி இவ்வளவு இறுக்கமா உக்காராது. என் கொண்டை ஊசியை எடுத்துக் குடுங்க. பின்னாடி, இடது பக்கம். முடியைப் பிடுங்காதீங்க, ஊசியை மட்டும்.

— இந்தா. இன்னும் அதே ஊசியா போடற?

— வளையாத ஊசியை எதுக்கு மாத்தணும். மெத்துன்னு இருக்கு. இழுத்தா நீளுது, அறுபடலை. யாரோ வேணும்னே அடைச்சிருக்காங்க.

— யாரோ என்ன யாரோ. நீதான்.

— நானா?

— கறைக்காக நான் சத்தம் போடுவேன்னு, சொல்லாமக் கொள்ளாம அடைச்சுட்டிருப்பே. தொல்லை விட்டதுன்னு.

— கிரீஸ்லயே பொழைக்கறவ நான். மூச்சு ஓட்டையை அடைப்பேனா? இந்த வீட்டுல தரைப் பைத்தியம் பிடிச்சது யாருக்கு? நட்டுக்குப் பேப்பர், எனக்குப் பேப்பர். நீங்கதான் அடைச்சிருப்பீங்க. அடைச்சதே மறந்துட்டு என்னைக் குத்தவாளி ஆக்கிட்டீங்க.

— என் கடை மேல சத்தியமா இல்லை. ஓட்டை இருக்கறதே இப்ப நீ சொல்லித்தான் தெரியும். தெரியாத ஓட்டையை எப்படி அடைப்பேன்?

— அதுவும் சரிதான். அடைச்சிருந்தா ஒரு லேபிள் ஒட்டியிருப்பீங்க. பிடிங்க, வெளிய வந்துடுச்சு. துணி குடுங்க. கிரீஸை வழிச்சுட்டுப் பார்க்கலாம்.

— என்ன அது?

— டார்ச்சைக் கிட்டக் கொண்டுவாங்க.

— பச்சையா இருக்கே.

— களிமண்ணு. ஸ்கூல்ல பசங்க பொம்மை பிடிக்கறது. எத்தனை வருஷம் ஆனாலும் காயாதே, அது.

— நம்ம வீட்டுல ஏது பச்சைக் களிமண்ணு?

— இதோ இங்க பாருங்க. அமுக்கின இடத்துல விரல் பதிஞ்சிருக்கு. என் சுண்டுவிரல்கூட இதுல அடங்கலை.

— கிளி.

— என்ன உளறறீங்க?

— கடையில, தராசுக்குப் பக்கத்துல ஒரு கிளி வெச்சிருக்கேன். பச்சைக் களிமண் கிளி. பாப்பா ஒண்ணாவதுல பண்ணினது. அதுக்கு ஒரு றெக்கைதான். இன்னொண்ணு எங்கடான்னு கேட்டேன். பச்சை தீர்ந்துபோச்சுன்னா.

— எப்ப கேட்டீங்க?

— ஓடு போட்ட கோடையில.

— கடவுளே.

— நான் தினமும் உன்கிட்ட கத்துவேன். "வண்டியை உள்ள விட்டா கீழ பேப்பர் போடணும்னு தெரியாதா"ன்னு. அவ அதோ அந்தப் படியில உக்காந்து கேட்டுக்கிட்டிருப்பா. மடியில அந்தக் களிமண் டப்பாவை வெச்சுக்கிட்டு.

— ஒழுகறது நின்னா சண்டையும் நின்னுடும்னு நினைச்சிருக்கு அது.

— நின்னுடுச்சே. ரெண்டு மாசம் சண்டையே இல்லை. நமக்கு ஏன்னுகூடத் தோணலை.

— உக்காருங்க. ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க முதல்ல.

— அவளுக்குத் தெரியக்கூடாது.

— நான் என்ன, ஊரைக் கூட்டியா சொல்லப்போறேன்?

— இன்னிக்குப் போய் இது தெரிஞ்சா, தன்னாலதான் அம்மாவும் அப்பாவும் பிரிஞ்சாங்கன்னு நினைச்சுக்கும். சக்கரத்தைக் கழட்டினீங்களே, என்ன கோளாறுன்னு வந்து கேப்பா. கேக்காம விடமாட்டா.

— சீல் பழசாயிடுச்சுன்னு சொல்லிக்கலாம்.

— அப்படிச் சொன்னா அந்தப் பழி உன் மேலயே நிக்கும். அவளும் அம்மா சரியா ஓட்டலைன்னுதான் கேட்டு வளர்ந்திருக்கா. நான் அடைச்சேன்னு சொல்லிடறேன்.

— யாரு?

— நான். தரை கறையாகுதுன்னு நான்தான் அடைச்சேன், அதனாலதான் வண்டி இழுத்துது, என் தப்புன்னு சொல்லிடறேன்.

— தப்பு உங்களோடதுன்னு. நீங்க.

— ஏன், என் வாய்க்கு வராதா?

— அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருஷம் காத்துக்கிட்டு இருந்தேன். இப்ப வருது பாருங்க, நீங்க பண்ணாத காரியத்துக்கு.

— பண்ணாததுன்னு யார் சொன்னா? ரெண்டு அமுக்கு போதுங்கற இடத்துல பத்து அமுக்கு அடிச்சது யாரு? வண்டி இழுத்துதுன்னு நீ அழுதுக்கிட்டுச் சொன்னப்ப, ஒரு தடவை திறந்து பார்ப்போம்னு தோணாதது யாருக்கு? குழந்தை அடைச்சது ஓட்டையைத்தான். மத்ததெல்லாம் நான்தான்.

— சரி. நீட்டி முழக்காதீங்க. கையைக் கழுவிட்டு வந்து பேரிங்கைப் பிடிங்க. வேலை கிடக்கு.

— என்ன பண்ணணும்?

— மண்ணெண்ணெயில கழுவி வெச்சுட்டேன். உள்ளங்கையில கொஞ்சம் புது கிரீஸ் வெச்சுக்கங்க. பேரிங்கோட விளிம்பை அதுல அமுக்கி அமுக்கி எடுங்க. உருண்டைக்கு நடுவுல ஏறணும், வெளிய வழியக்கூடாது. கம்மி. இன்னும் கம்மி.

— இவ்வளவுதானா?

— இவ்வளவேதான். சுத்திப் பாருங்க. சத்தம் வருதா?

— இல்லை. பட்டு மாதிரி சுத்துது.

— இனிமே கிரீஸ் கன்னை என் பையில போட்டு எடுத்துக்கிட்டுப் போறேன். வருஷத்துக்கு ஒரு தடவை நானே வந்து அடிக்கறேன்.

— வருஷத்துக்கு ஒரு தடவை போதுமா?

— வண்டிக்குப் போதும். புது சீல், இந்தாங்க, உக்காந்துடுச்சு. புது ஷூ. கடைக்காரன் ஏமாத்தினதும் நல்லதாப் போச்சு, ஒத்தைச் செருப்பு சரியா இந்தக் காலுக்குத்தான் வந்திருக்கு. டிரம்மைத் தூக்குங்க. தோளைப் பார்த்து. சக்கரமும் மாட்டியாச்சு, நட்டைக் குடுங்க.

— பொறு, இந்தா.

— நட்டுதானே கேட்டேன். இது என்ன?

— சாவி. நீயே ஓட்டு. பாலத்து வழியாவே போ.

— பின் சீட்டுல உக்காந்துக்கிட்டு "மெதுவா, மெதுவா"ன்னு சொன்னீங்க, பாதி வழியில இறக்கி விட்டுடுவேன்.

— சொல்லமாட்டேன். அந்தக் களிமண்ணை எங்க வெச்சே?

— பையில. பேசாதீங்க, வர்றா.

— என்ன ரெண்டு பேரும் சத்தமே இல்லை? நீங்க கத்தினாக்கூட எனக்குப் பயம் இல்லை, இப்பத்தான் பயமா இருக்கு.

— எல்லாம் மாட்டியாச்சு பாப்பா. அம்மா கையை மட்டும் கழுவிட்டா கிளம்பிடலாம்.

— என்ன கோளாறும்மா?

— அது வந்து, உங்கப்பா சொல்வார்.

— பாப்பா, இங்க வா. நீ பாலத்துல கை முறிச்சுக்கிட்டியே, அது உங்கம்மா ஓட்டினதால இல்லை. பிரேக் இந்தப் பக்கம் பிடிக்கலை. கீழ ஒரு மூச்சு ஓட்டை இருக்கு. தரை கறையாகுதுன்னு அதை நான்தான் அடைச்சேன். என் தப்பு.

— நீங்களா?

— நானேதான். உங்கம்மாவைக் கேளு.

— ஆமா பாப்பா. உங்கப்பாதான். கையும் களவுமாப் பிடிச்சுட்டேன்.

— எதை வெச்சு அடைச்சீங்க?

— துணி.

— மெழுகு.

— எதுப்பா?

— மெழுகுதான். மறந்துட்டேன்.

— துணியில மெழுகு தடவி வெச்சிருந்தாரு பாப்பா.

— பிரிஞ்சு இத்தனை வருஷத்துல முதல் தடவையா ரெண்டு பேரும் ஒண்ணா ஒரு பொய் சொல்றீங்க. நான் வர்றதுக்கு முன்னாடி பேசி வெச்சுக்கக்கூடாதா?

— பொய் இல்லை பாப்பா. அப்பா சொல்றேன்ல.

— துணியும் இல்லை, மெழுகும் இல்லை, என் கிளியோட றெக்கை. போன மாசம் கிரீஸ் அடிக்கப் படுத்தப்பவே பார்த்துட்டேன்ப்பா. அதை அடைச்சா என்ன ஆகும்னு மெக்கானிக்கைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். எனக்குச் சொல்ல வாய் வரலை, அதான் நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து கழட்டிப் பார்க்கட்டும்னு இந்த வண்டியிலதான் போவேன்னு நின்னேன்.